மார்கரெட் ரூதர்ஃபோர்ட்: முதலில் எந்தப் படம்?

பழைய பிரிட்டிஷ் கறுப்பு வெள்ளைப் படங்களுக்குள் புதிதாக நுழைகிறவர்கள் சீக்கிரமே ஒரு முகத்தைப் பார்த்துவிடுவார்கள். தொங்கும் தாடை, வியப்பில் உருளும் கண்கள், தோளில் கனத்த கம்பளி மேலங்கி. அவர் அறைக்குள் வந்தால் மற்ற நடிகர்கள் தாமாகவே நகர்ந்து இடம் விடுவதுபோல் இருக்கும். "யார் இந்தப் பாட்டி? இவர் நடித்ததில் எதை முதலில் பார்க்கலாம்?" என்று கேட்பவர்களுக்கு இதுவரை ஆளுக்கொரு பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு படங்களுக்கு நடுவில் நிற்கிறார்கள். ஒன்று, அவர் மிஸ் மார்ப்பிளாக வரும் துப்பறியும் படம். இன்னொன்று, அவருக்கு ஆஸ்கர் வாங்கித் தந்த படம். நான் தொடங்கியது ஆஸ்கர் படத்தில்தான். அதனாலேயே ஏறக்குறைய இரண்டு வருடம் அவருடைய வேறு படம் எதையும் தொடவில்லை. எனவே தேர்வு அந்த இரண்டுக்குள் மட்டும் இல்லை. ஐந்து படங்களை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

## முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம்

ரூதர்ஃபோர்ட் 1892இல் தெற்கு லண்டனில் பாலம் (Balham) என்ற பகுதியில் பிறந்தவர். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு, 1883இல், அவருடைய தந்தை புத்தி பேதலித்த நிலையில் பெற்ற தகப்பனையே கொன்றுவிட்டு பிராட்மூர் காப்பகத்தில் அடைக்கப்பட்டவர். 1890இல் வெளியே வந்தார். பென் என்ற குடும்பப் பெயரை விட்டுவிட்டார். பிறகு மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு, பழசையெல்லாம் மறந்து புதிதாக வாழலாம் என்று கப்பலேறிப் போன ஊர், நம்ம மதராஸ். அந்தப் புது வாழ்க்கை நிலைக்கவில்லை. கர்ப்பமாக இருந்த தாய் தற்கொலை செய்துகொண்டார். மூன்று வயதுக் குழந்தையை விம்பிள்டனில் இருந்த தாயின் சகோதரி பெஸ்ஸியிடம் அனுப்பிவிட்டார்கள். தந்தை 1903இல் மறுபடியும் பிராட்மூருக்கே போனார்.

இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. உலகம் முழுக்கச் சிரிப்பு நடிகை என்று நினைவில் வைத்திருக்கும் இந்தப் பெண்ணிடம் ஒரு வினோதமான தீவிரம் உண்டு. அவருடைய பாத்திரங்களுக்குத் தாங்கள் சிரிப்பு மூட்டுகிறோம் என்பதே தெரியாது. எவ்வளவு கோணங்கித்தனமான வசனமானாலும் கோயில் காரியம்போல் சொல்வார். அவருடைய வித்தையே அதுதான். எந்தப் படத்தில் அது நன்றாகப் பிடிபடுகிறதோ அதில் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

பியானோவும் பேச்சுப் பயிற்சியும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர் 1925இல், 33 வயதில், லண்டன் ஓல்ட் விக் மேடையில் ஏறினார். முதல் படம் 1936இல். அதாவது சினிமாவில் அவருக்குக் கதாநாயகி வயது என்று ஒன்று இருந்ததே இல்லை. வந்த அன்றிலிருந்து குணச்சித்திரம்தான். மேடையில் மட்டும் வேறு முகங்களும் காட்டியிருக்கிறார். 1940இல் குயின்ஸ் தியேட்டரில் 'ரெபெக்கா' நாடகத்தின் திருமதி டான்வர்ஸ் அவர்தான். பார்வையாளர்களை நடுங்க வைக்கும் பாத்திரம். அந்த செப்டம்பரில் தியேட்டர்மீதே ஜெர்மன் குண்டு விழுந்து எல்லாம் நின்றுபோனது.

## எதை வைத்து ஒப்பிடுவது?

முதல் அளவுகோல், திரையில் அவர் எவ்வளவு நேரம் இருக்கிறார் என்பது. குணச்சித்திர நடிகர்களைத் தேடிப் பார்க்கிறவர்களுக்கு இதுதான் பெரிய ஏமாற்றம். போஸ்டரில் பெயர் இருக்கும், படத்தில் பத்து நிமிடம்கூட இருக்க மாட்டார்.

இரண்டாவது, மேடை. அதே பாத்திரத்தை மேடையில் நடித்துப் பழகிய பிறகு படமாக்கினார்களா? ரூதர்ஃபோர்ட் விஷயத்தில் இது முக்கியம். நூறு ராத்திரி நடித்துத் தேய்த்து மெருகேற்றிய அசைவுக்கும் செட்டில் அன்று காலை வசனம் வாங்கி நடித்ததற்கும் வித்தியாசம் தெரியும்.

மூன்றாவது, சப்டைட்டில் சுமை. இவருடைய பெரிய படங்கள் எல்லாம் பேச்சுப் படங்கள். வேகமான ஆங்கிலத்தில் வசனம் கொட்டும்போது கண் திரையின் அடிப்பகுதியிலேயே ஒட்டிக்கொண்டால் அவருடைய முகம் தப்பிவிடும். முகம் தப்பினால் பிறகு என்ன மிச்சம்?

கடைசியாக, மறைமுகச் செலவு: இந்தப் படத்தை முதலில் பார்த்தால் மற்றவற்றின் சுவை எதுவும் கெடுமா? எந்த ஓடிடியில் இருக்கிறது என்பதை அளவுகோலில் சேர்க்கவில்லை. இன்று எழுதினால் அடுத்த மாதம் பொய்யாகிவிடும்.

| படம் | ஆண்டு | நீளம் (சுமார்) | அதே வேடம் மேடையில்? | திரையில் அவர் | சப்டைட்டில் சுமை |
|---|---|---|---|---|---|
| பிளைத் ஸ்பிரிட் | 1945 | 96 நிமிடம் | ஆம், 1941 | விட்டுவிட்டு, ஆனால் நிறைவாக | அதிகம் |
| தி ஹேப்பியஸ்ட் டேஸ் ஆஃப் யுவர் லைஃப் | 1950 | 83 நிமிடம் | ஆம், 1948 | பாதிப் படம் | நடுத்தரம் |
| தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட் | 1952 | 95 நிமிடம் | ஆம், 1939 | குறைவு | மிக அதிகம் |
| மர்டர், ஷீ செட் | 1961 | 87 நிமிடம் | இல்லை | கிட்டத்தட்ட முழுப் படம் | குறைவு |
| தி வி.ஐ.பி.ஸ் | 1963 | 119 நிமிடம் | இல்லை | துண்டு துண்டாக | நடுத்தரம் |

## பிளைத் ஸ்பிரிட்

நோயல் கவர்டின் நாடகம். 1941 ஜூலையில், குண்டுவீச்சில் இடிந்த கட்டடங்களுக்கு நடுவே லண்டனில் அரங்கேறி, 1,997 காட்சிகள் ஓடியது. சாவு தினசரி வந்துபோகும் ஊரில் ஆவிகளை வைத்து ஒரு நகைச்சுவை! அதில் ஆவி ஜோசியக்காரி மேடம் அர்க்காட்டியாக முதலில் மேடையேறியவர் ரூதர்ஃபோர்ட்தான். 1945இல் டேவிட் லீன் அதைப் படமாக்கியபோதும் அந்த வேடத்துக்கு அவரையே வைத்துக்கொண்டார்.

கதை இதுதான். ஒரு எழுத்தாளருக்குப் போலி ஆவி ஜோசியக்காரி ஒருத்தியைப் பற்றி நாவல் எழுத வேண்டும். தொழில் நுணுக்கங்களைத் தெரிந்துகொள்ள உள்ளூர் அர்க்காட்டியை இரவு விருந்துக்கு அழைக்கிறார். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் நாலு பேரும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். சைக்கிள் மிதித்து வந்து இறங்கும் அர்க்காட்டியோ பள்ளிக்கூட விளையாட்டு வாத்தியாரம்மாவின் உற்சாகத்தோடு வேலையைத் தொடங்குகிறார். வசனம் முழுக்கப் பள்ளிக்கூடப் பாஷை. மயங்கி விழுந்து எழுந்த பிறகு ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்ததும் அவர் முகத்தில் வரும் சந்தோஷத்தைக் கவனியுங்கள். பரீட்சையில் பாஸான குழந்தை! ஏமாற்றுக்காரி என்று நினைத்துக் கூப்பிட்டார்கள். அந்த வீட்டில் ஏமாற்றத் தெரியாத ஒரே ஆள் அவர்தான்.

செலவு என்ன? அவர் இல்லாத இடைவெளிகள் நீளமானவை. அந்த நேரமெல்லாம் கணவன், இப்போதைய மனைவி, செத்துப்போன முதல் மனைவி மூவரும் மூச்சுவிடாமல் சண்டை போடுவார்கள். சண்டை நன்றாகத்தான் இருக்கும், ஆனால் சப்டைட்டில் ஓட்டமாக ஓடும். டெக்னிகலர் படம். பச்சைச் சாயலில் ஒளிரும் பேய்க்காக ஆஸ்கரில் காட்சி ஜாலத்துக்கான விருது வாங்கியது. இன்றைய கண்ணுக்கு அந்தப் பச்சை கொஞ்சம் வேடிக்கைதான்.

## தி ஹேப்பியஸ்ட் டேஸ் ஆஃப் யுவர் லைஃப்

அமைச்சகத்தின் குளறுபடியால் ஓர் ஆண்கள் பள்ளிக்குள் ஒரு பெண்கள் பள்ளியைக் கொண்டுவந்து இறக்கிவிடுகிறார்கள். ஆண்கள் பள்ளித் தலைமையாசிரியர் அலெஸ்டர் சிம், பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை ரூதர்ஃபோர்ட். பிறகு இரு பக்கத்துப் பெரிய மனிதர்களும் ஒரே நாளில் பள்ளியைப் பார்க்க வந்து நிற்க, பையன்களையும் பெண்களையும் மாற்றி மாற்றி ஒளித்து வைக்கும் கூத்து.

இந்த வேடத்தையும் அவர் 1948இல் அப்பல்லோ தியேட்டரில் நடித்திருக்கிறார். ஐந்து படங்களில் இதில் மட்டும்தான் அவருக்குச் சரிசமமான எதிராளி. சிம் நெளிந்து வளைந்து தப்பிக்கப் பார்ப்பார், இவர் நேரே நடந்து வருவார். அவ்வளவுதான் படம், அதுவே போதும். அரசாங்க அலுவலகத்தில் கோப்பு மாறிப்போன கதையைப் புரிந்துகொள்ள நமக்கு எந்த முன்னுரையும் வேண்டாம். மறைமுகச் செலவு என்று பெரிதாக எதுவும் தெரியவில்லை, முடிவு சட்டென்று அறுந்துபோவதைத் தவிர.

## தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்

ஆஸ்கர் வைல்டின் 1895ஆம் ஆண்டு நாடகம், அந்தோனி ஆஸ்க்வித் இயக்கம். இதை எல்லோரும் இடித் எவன்ஸின் படம் என்பார்கள். லேடி பிராக்னெலாக வரும் அவர் "கைப்பையா?" என்று கேட்கும் அந்த ஒரு சொல்லுக்காகவே படத்தை நினைவு வைத்திருப்பவர்கள் உண்டு. ரூதர்ஃபோர்டுக்குச் சின்ன வேடம்: வீட்டு ஆசிரியை மிஸ் பிரிசம். நேரக் கணக்குப் பார்த்தால் இந்தப் படம் இந்தப் பட்டியலிலேயே வரக் கூடாது.

ஆனால் கடைசிப் பகுதியில் ஒரு காட்சி இருக்கிறது. (கதையின் முடிச்சு தெரிந்துவிடக் கூடாது என்பவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள். 1895லிருந்து ஊருக்கே தெரிந்த முடிச்சுதான் என்றாலும்.)

இருபத்தெட்டு வருடங்களுக்கு முன்பு மிஸ் பிரிசம் தன் மூன்று பாக நாவலின் கையெழுத்துப் பிரதியைத் தள்ளுவண்டியில் வைத்துவிட்டு, குழந்தையைக் கைப்பைக்குள் வைத்து, அந்தப் பையை விக்டோரியா ரயில் நிலையத்தில் விட்டுவிட்டு வந்தவர். இப்போது அந்தக் குழந்தை வளர்ந்து ஆளாகி, பையைக் கொண்டுவந்து அவர் முன்னால் நீட்டுகிறது. ஒரு மனிதனின் பிறப்பே அவர் சொல்லப்போகும் பதிலில் தொங்குகிறது. பிரிசமோ பையை வாங்கி நிதானமாகப் பரிசோதிக்கிறார். கோவர் தெரு பஸ் கவிழ்ந்தபோது ஏற்பட்ட காயம் இதோ. லெமிங்டனில் பானம் வெடித்துச் சிந்திய கறை இதோ. பூட்டின் மேல் என் பெயரின் முதலெழுத்துகள் இதோ. ஆமாம், என்னுடையதுதான். இத்தனை வருடம் இது இல்லாமல் எவ்வளவு சிரமப்பட்டேன் தெரியுமா, கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம் என்று முடிக்கிறார். குழந்தையைப் பற்றிய எண்ணமே அவருக்கு இல்லை. ரூதர்ஃபோர்ட் இதில் ஒரு துளி கண்ணடிப்பு வைத்திருந்தாலும் காட்சி செத்திருக்கும். பை கிடைத்த நிம்மதி அவருக்கு நிஜமான நிம்மதி.

1947இல் நடிகர் ஜான் கில்குட் இந்த நாடகத்தை நியூயார்க்குக்குக் கொண்டுபோனபோது ரூதர்ஃபோர்ட் லேடி பிராக்னெல் வேடமே போட்டார். அந்தக் கைப்பையைத் தொலைத்தவராகவும் அதைக் கேட்டு அதிர்ந்தவராகவும் இருந்தவர் என்று சொல்லலாம்.

செலவு: வைல்டின் வசனம் ஒவ்வொன்றும் தலைகீழாகப் புரளும் சிலேடை. சப்டைட்டிலில் படிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். நாடகத்தை ஒருமுறை படித்துவிட்டுப் பாருங்கள். படிக்க நேரமில்லை என்றால் இதை முதல் படமாக எடுக்காதீர்கள்.

## மர்டர், ஷீ செட்

அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிளாக ரூதர்ஃபோர்ட் நடித்த நான்கு படங்களில் முதலாவது. ரயிலில் போய்க்கொண்டிருக்கும்போது பக்கத்துத் தண்டவாளத்தில் ஓடும் இன்னொரு ரயிலின் ஜன்னலில் ஒருவன் ஒரு பெண்ணின் கழுத்தை நெரிப்பதைப் பார்க்கிறார். டிக்கெட் பரிசோதகர் நம்பவில்லை, போலீஸ் நம்பவில்லை. கிழவி கனவு கண்டிருப்பாள் என்கிறார்கள். அவ்வளவுதான், தண்டவாளத் தொழிலாளி வேடம் போட்டுக்கொண்டு தானே தடயம் தேடப் போய்விடுகிறார். பிறகு சந்தேகப்படும் வீட்டில் வேலைக்காரியாகவும் சேர்கிறார்.

அப்போது அவருக்கு வயது 69. ஏறக்குறைய எல்லாக் காட்சியிலும் இருக்கிறார். துப்பறியும் கதை என்பதால் சப்டைட்டிலை இரண்டு வரி தவறவிட்டாலும் குடி முழுகாது. வீட்டுப் பெரியவர்களோடும் பிள்ளைகளோடும் உட்கார்ந்து பார்க்கலாம். கூடவே அலையும் நூலகர் ஸ்ட்ரிங்கராக வருபவர், ரூதர்ஃபோர்ட் 1945இல் மணந்த கணவர் ஸ்ட்ரிங்கர் டேவிஸ். கிறிஸ்டியின் நாவலில் இல்லாத பாத்திரம், இவருக்காகவே எழுதியது. இருவரும் சேர்ந்து வரும் காட்சிகளில் வசனத்துக்கு மேல் ஏதோ ஒன்று ஓடுவது தெரியும்.

மறைமுகச் செலவு இரண்டு. கிறிஸ்டியை ஏற்கெனவே படித்தவர்களுக்கு எரிச்சல் வரும். புத்தகத்து மார்ப்பிள் ஒல்லியான, பின்னல் ஊசியும் கம்பளி நூலுமாக மூலையில் உட்கார்ந்து ஊரை அளக்கும் பாட்டி. இவரோ புல்டோசர். நாவலில் கொலையைப் பார்ப்பது மார்ப்பிளே இல்லை, அவருடைய தோழி. கிறிஸ்டிக்கும் இந்தப் படங்கள் பிடிக்கவில்லை. ஆனாலும் 1962இல் வெளியான மார்ப்பிள் நாவல் ஒன்றை, வியந்து பாராட்டி மார்கரெட் ரூதர்ஃபோர்டுக்கு என்று சமர்ப்பித்தார். படத்தையும் நடிகையையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர். வேடிக்கை என்னவென்றால், பிற்காலத்தில் பிபிசியில் புத்தகத்துக்கு நெருக்கமான மார்ப்பிளாகப் பெயர் வாங்கிய ஜோன் ஹிக்சனும் இதே படத்தில் ஒரு சின்ன வேடத்தில் வருகிறார்.

இரண்டாவது செலவுதான் பெரியது. ஒன்று பார்த்தால் மற்ற மூன்றையும் பார்க்கத் தோன்றும். ஒன்றில் ட்விஸ்ட் ஆடுவார், இன்னொன்றில் வாள் சுழற்றுவார். நான்கும் முடிந்ததும் ரூதர்ஃபோர்டைப் பார்த்து முடித்துவிட்டோம் என்ற நினைப்பு வந்துவிடும். பலபேர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். மூன்றாவதாக வந்த 'மர்டர் மோஸ்ட் ஃபவுல்' படத்தை மட்டும் தவறவிடாதீர்கள். அதில் மார்ப்பிள் ஒரு நாடகக் குழுவில் சேர, நடிப்புத் தேர்வுக்கு நின்று நீளமான கதைப்பாடல் ஒன்றை முழங்குகிறார். பேச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்து வயிறு வளர்த்த பழைய விம்பிள்டன் டீச்சர் அந்த ஒரு நிமிடம் எட்டிப்பார்ப்பார்.

## தி வி.ஐ.பி.ஸ்

மூடுபனியால் லண்டன் விமான நிலையத்தில் மாட்டிக்கொண்ட பணக்காரர்களின் கதை. எலிசபெத் டெய்லர், ரிச்சர்ட் பர்ட்டன், ஆர்சன் வெல்ஸ், இளம் மேகி ஸ்மித் என்று கூட்டம் பெரிது. மாளிகையைக் காப்பாற்றப் பணமில்லாமல் புளோரிடாவுக்கு வேலைக்குக் கிளம்பும் பிரைட்டன் சீமாட்டியாக ரூதர்ஃபோர்ட். இதற்குத்தான் சிறந்த துணை நடிகை ஆஸ்கர். 1964இல் நடந்த விழாவில் அவருக்காக பீட்டர் உஸ்டினோவ் வாங்கிக்கொண்டார்.

அவர் வரும் இடங்கள் எல்லாம் நன்றாக இருக்கின்றன. ஆனால் இரண்டு மணி நேரத்தில் அவை சிதறிக் கிடக்கின்றன. நடுவில் டெய்லர், பர்ட்டனின் குடும்பப் பிரச்சினையைச் சகித்துக்கொள்ள வேண்டும். விருது பெற்ற படம் என்று இதில் தொடங்குகிறவர்கள், இவ்வளவுதானா என்று எழுந்துவிடுவார்கள். முதல் நான்கையும் பார்த்தவர்களுக்கு மட்டும் இதில் ஒரு ருசி உண்டு: பழக்கப்பட்ட மனுஷி கூட்டத்துக்குள் கடந்துபோவதைப் பார்க்கும் சந்தோஷம்.

## அப்படியானால் யாருக்கு எது?

வீட்டில் எல்லோரோடும் ஞாயிற்றுக்கிழமை பார்ப்பதற்கு என்றால் 'மர்டர், ஷீ செட்'. யோசிக்கவே வேண்டாம்.

நாடகம் போடுகிறவர்கள், நடிப்பு கற்றுக்கொள்கிறவர்கள் 'பிளைத் ஸ்பிரிட்'டில் தொடங்கலாம். மேடையில் பழகிய உடம்பு காமிராவுக்கு முன்னால் எதைக் குறைத்துக்கொள்கிறது, எதைக் குறைக்க மறுக்கிறது என்று பார்க்க அதைவிட நல்ல பாடம் இல்லை. 'எர்னஸ்ட்' படத்தின் கைப்பைக் காட்சியை மட்டும் தனியாக நாலு தடவை பாருங்கள், அந்த முழுப் படத்தைப் பிறகு பார்க்கலாம்.

தனியாக, ஒரு ராத்திரி, எந்த முன்கதையும் தெரியாமல் உட்காரப் போகிறீர்கள் என்றால் என் ஓட்டு 'தி ஹேப்பியஸ்ட் டேஸ்' படத்துக்கு. பெயர் அவ்வளவாக அடிபடாத படம் என்பதால் யாரும் சிபாரிசு செய்வதில்லை. ஐந்தில் மிகச் சிறியது. அவர் நிறைய நேரம் வருகிறார். மேடையில் ஊறிய வேடம். வேறு எந்தப் படத்தின் சுவையையும் இது கெடுப்பதில்லை.

## கடைசிக்கு ஒன்று

பட்டியலில் வேண்டுமென்றே சேர்க்காத படம் ஒன்று உண்டு. விமான நிலையத்தில் கூட நடித்த ஆர்சன் வெல்ஸ், அடுத்து தான் இயக்கி நடித்த 'சைம்ஸ் அட் மிட்நைட்' படத்தில் ரூதர்ஃபோர்டைச் சாராயக்கடைக்காரி மிஸ்ட்ரஸ் குவிக்லியாகப் போட்டார். ஷேக்ஸ்பியரின் குண்டுக் குடிகார வீரன் ஃபால்ஸ்டாஃபின் கதை. மேலே சொன்ன படங்களில் இரண்டையாவது பார்த்த பிறகுதான் இதற்கு வர வேண்டும்.

ஃபால்ஸ்டாஃப் செத்துப்போன செய்தியைச் சொல்வது அவர்தான். போர்வைக்குள் கையை விட்டுப் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன், கல்லாட்டம் சில்லென்று இருந்தது. முழங்காலைத் தொட்டேன். அதற்கும் மேலே, அதற்கும் மேலே. எல்லாம் கல்லாட்டம் சில்லென்று இருந்தது என்கிறார். பையில் இருந்த காயத்தையும் கறையையும் பெயரெழுத்தையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்த அதே நிதானம்.